58,098: எண்ணிக்கையா, மதிப்பீடா?

கையால் மலம் அள்ளும் தொழிலாளர்கள் இந்தியாவில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விடை 58,098. 2013, 2018 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் அடையாளம் காணப்பட்டவர்கள் இவர்கள். சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர், அதாவது 97 விழுக்காடு. 2024ஆம் ஆண்டில் 766 மாவட்டங்களில் 732 மாவட்டங்கள் தம்மைத் தாமே ‘கையால் மலம் அள்ளுதல் இல்லாதவை’ என்று அறிவித்துக்கொண்டதாகவும் அரசு கூறியது.

இந்த எண்ணை நாம் ஐயுறும்போது, “இது மாதிரி ஆய்வு அல்லவே, நேரடியாக எண்ணியதாயிற்றே; இதில் புள்ளியியல் பிழைக்கு இடமேது?” என்ற மறுமொழி வருகிறது. பிழையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் இந்த மறுமொழி நிற்காது.

உண்மை அளவை நெருங்க நாம் கையாளும் எந்த வழியும் ஒரு மதிப்பீட்டு முறையே. முழுப் பட்டியலும் அதற்கு விலக்கன்று. ஒரு முறை நல்லதா என்பதை அது தந்த ஒற்றை எண்ணைப் பார்த்துச் சொல்ல இயலாது. அதே முறையை மீண்டும் மீண்டும் கையாண்டால் விடைகள் எங்கே போய் விழுகின்றன என்பதே கேள்வி. விடைகள் உண்மையைச் சுற்றி இங்கும் அங்குமாக விழுந்தால் அது சிதறல். எல்லாம் ஒரே பக்கமாக விழுந்தால் அது சாய்வு. மாதிரியைப் பெரிதாக்கினால் சிதறல் குறையும்; சாய்வு குறையாது. அடியில் புளி ஒட்டிய தராசில் நூறு முறை நிறுத்தாலும் அதே குறைவுதான் வரும். 1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகளைத் திரட்டி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று கணித்தது. அவர் பெருவெற்றி பெற்றார். தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும் முகவரிகள் எடுக்கப்பட்டதும், சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களிடமிருந்து வேறுபட்டதுமே காரணங்கள்.

நம் பட்டியலில் சாய்வு எங்கிருந்து வருகிறது? 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கையால் மலம் அள்ளும் பணியில் ஒருவரை அமர்த்துவது குற்றம். கேடான கழிப்பறையை அதன் உடைமையாளர் இடிக்கவோ மாற்றவோ தவறினால், அதைச் செய்யும் பொறுப்பு உள்ளாட்சியினுடையது. அதே சட்டம் கணக்கெடுக்கும் கடமையையும் நகராட்சியிடமும் ஊராட்சியிடமும்தான் ஒப்படைத்திருக்கிறது. எண் கூடினால் தன் கடமை தவறியதற்கு எண்ணுபவரே சான்றளித்தவராகிறார். போதாக்குறைக்கு, அரசு அறிவிக்கும் கருவியும் காப்பு உடையும் கொண்டு மலத்தை அகற்றுபவரைச் சட்டத்தின் வரையறை விலக்கிவிடுகிறது. மலக்குழியில் இறங்குவோர் ‘ஆபத்தான துப்புரவு’ என்ற வேறு தலைப்பின்கீழ்ப் போகிறார்கள். அவர்களுடைய மரணங்களும் இந்தக் கணக்கில் வருவதில்லை. இவை அனைத்தும் எண்ணைக் கீழ்நோக்கியே இழுக்கின்றன. மேல்நோக்கி இழுக்கும் விசை, மறுவாழ்வு உதவியான 40,000 ரூபாய்க்காகத் தகுதியற்ற சிலர் பெயர் கொடுத்திருக்கலாம் என்பது மட்டுமே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மனிதரால் மலம் அகற்றப்படும் கழிப்பறைகள் 7.94 லட்சம் என்றது. கழிப்பறைகளையும் ஆட்களையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஒருவரே பல வீடுகளுக்குச் செல்வார். ஆயினும் விகிதம் ஒன்றைக் காட்டுகிறது. நாடு முழுவதற்குமாக, பட்டியலில் உள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 14 கழிப்பறைகள். 32,473 பேரை அடையாளம் கண்ட உத்தரப்பிரதேசத்தில் 10. 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் பதிவான தமிழ்நாட்டிலோ அடையாளம் காணப்பட்டவர்கள் 398 பேர். தலைக்கு ஏறத்தாழ 70. தமிழ்நாட்டுத் தொழிலாளி ஏழு மடங்கு வீடுகளுக்குச் செல்கிறார் என்று நம்புவதைவிட, எண்ணிய விதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறியது என்று கருதுவதே பொருத்தம். இடைப்பட்ட ஆண்டுகளில் கழிப்பறைகள் இடிக்கப்பட்டிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்த 2013 டிசம்பர் 6 அன்று அப்பணியில் இருந்தவர், பிறகு கழிப்பறை இடிந்தாலும் மறுவாழ்வுக்கு உரியவரே.

விடுபட்டவர்களை மதிப்பிட முடியாதா? முடியும். அதற்கான வழி இந்திய மண்ணிலேயே சோதிக்கப்பட்டது. 1949இல் சி. சந்திரசேகரும் எட்வர்ட்ஸ் டெமிங்கும், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரின் பிறப்பு, இறப்புத் தரவுகளைக் கொண்டு ஒரு முறையை வெளியிட்டனர். பதிவாளரின் பட்டியல் ஒன்று. வீடு வீடாகச் சென்று எடுத்த பட்டியல் மற்றொன்று. இரண்டையும் பொருத்திப் பார்த்தால், இரண்டிலும் விடுபட்டவர்களின் அளவும் தெரியவரும். ஓர் ஊரில் நகராட்சிப் பட்டியலில் 40 பேர், தொழிலாளர் சங்கப் பட்டியலில் 30 பேர், இரண்டிலும் இருப்போர் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். சங்கம் கண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரையே நகராட்சி கண்டிருக்கிறது. ஆகவே நகராட்சியின் 40 என்பதும் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எனக் கொண்டால், மொத்தம் 60.

இந்த 60 சரியாக இருக்க, ஒரு பட்டியலில் இடம்பெறுவது மற்றதில் இடம்பெறுவதைச் சாராதிருக்க வேண்டும். நம் நிலைமையில் அது பொய்த்துவிடும். விடியுமுன் நாலு வீட்டுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்து, கூலியாகப் பழைய சோற்றைப் பெற்றுத் திரும்பும் பெண் நகராட்சியின் கண்ணிலும் படமாட்டார். சங்க உறுப்பினராகவும் இருக்கமாட்டார். அப்படி 40 பேர் அவ்வூரில் இருந்தால் உண்மை 100. நம் சூத்திரமோ 60 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே இம்முறை தரும் எண்ணையும் குறைந்தபட்ச அளவாகவே நாம் கையாள வேண்டும். சந்திரசேகரும் டெமிங்கும் இதை உணர்ந்தே, மக்களைச் சிறு பிரிவுகளாகப் பகுத்துத் தனித்தனியே கணக்கிடச் சொன்னார்கள். நமக்கு அப்பிரிவுகள் ஆண், பெண், நகரம், ஊரகம், ஒப்பந்தக் கூலி, வீட்டுக் கூலி என்பவை.

கைவசம் பட்டியல்கள் இல்லாமலில்லை. 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு ஊரகப் பகுதியில் மட்டும் 1.80 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குறித்தது. சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களை ‘நமஸ்தே’ திட்டம் தனியே பதிவு செய்துவருகிறது. பெயர்களை வெளியிடாமல், மாவட்டவாரியாக இப்பட்டியல்களைப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், பொதுவாக எத்தனை பேர் என்பதை மட்டும் வெளியிடுமாறு கேட்கலாம். கல்லூரிகளில் புள்ளியியல் பயிலும் தோழர்கள் தம் மாவட்டத்துக்கு இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கோரலாம். தன்னைத் தொழிலாளியாக அடையாளம் காணுமாறு ஒருவர் தாமே விண்ணப்பிக்கவும் 2013 சட்டத்தின் 12ஆம் பிரிவு வழி தருகிறது. அப்படி வந்த விண்ணப்பங்கள் எத்தனை, நிராகரிக்கப்பட்டவை எத்தனை என்பதையும் அம்மனுவிலேயே சேர்த்துக் கேட்க வேண்டும்.