யோகம் துணை நிற்கும், சிகிச்சைக்கு மாற்றாகாது

சீர்காழியைச் சுற்றிக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வடக்கே சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தென்கிழக்கே மேலையூரில் பூம்புகார்க் கல்லூரி, தெற்கே மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி. கல்லூரி ஆசிரியர் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருப்பின், இக்கட்டுரை அவருக்கும் உங்களுக்கும் உரியது.

ஆசிரியர் பணி பாடம் நடத்துவதோடு முடிவதில்லை. விடைத்தாள் திருத்தம், ஆய்வுக் கட்டுரைகள், தர மதிப்பீட்டுக் கோப்புகள் ஆகியவை வீடு வரை தொடர்கின்றன. அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் ஆண்டுக்கு 11 மாத ஊதியத்தில் குடும்பம் நடத்துகின்றனர். தூக்கம் குறைவதும், காரணமின்றிச் சினம் எழுவதும், விரும்பிய பாடமே கசப்பதும் இச்சுமையின் விளைவாகலாம்.

இங்கு யோகம் உண்மையாகவே உதவும். மூச்சை, குறிப்பாக வெளிமூச்சை, நிதானமாக நீட்டிவிடும்போது இதயத் துடிப்பு தணிகிறது; பதற்றத்தில் இறுகிய தசைகள் தளர்கின்றன. திருவாவடுதுறையோடு மரபு இணைத்துப் பேசும் திருமூலர், தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளுடைய யோகத்தை விரித்துரைத்தார். நம் மாவட்டத்து மண்ணுக்கு அது புதிய செய்தியன்று. நாள்தோறும் 15 நிமிடம் எளிய ஆசனம், மூச்சுப்பயிற்சி, கண்மூடி அமர்தல் ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், கண் நீர் அழுத்தம் உடையோரும் கருவுற்றோரும் மூச்சை அடக்கும் பயிற்சியையும் தலைகீழ் ஆசனங்களையும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது.

எனினும், “யோகா செய்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்னும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வைத் தனி நோயாகக் கொள்ளாது, பணியிட நெருக்கடி தீராமல் நீடிப்பதால் எழும் நிலையாகவே வகைப்படுத்தியது. காரணம் பணியிடத்தில் இருக்கும்போது, பாயை விரித்து அமராததே ஆசிரியரின் குற்றம் என்பது நியாயமாகுமா? ஜூன் 21 அன்று யோகா நாளைக் கொண்டாடும் நிருவாகம், மற்ற நாள்களில் வேலைப்பளுவைக் குறைக்கவும், ஊதியத்தை உரிய காலத்தில் வழங்கவும் கடமைப்பட்டது.

இதனினும் பெரிய கேடு, தியானத்தை நம்பி மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது. மனச்சோர்வு மருத்துவத்துக்குரிய நோய். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை நீடித்தால் மருத்துவரைக் காணுங்கள். மனப்பிரமை, குரல் கேட்டல் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெறுவோர், நீண்ட தியானத்தை மருத்துவரின் இசைவின்றி மேற்கொள்ள வேண்டாம். வாழ்வே வேண்டாம் என்ற சொல் வாயில் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் அழைத்து வாருங்கள். மைய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வீடு திரும்பியவரிடம் உடனே அன்றைய கணக்குகளைக் கேளாமல், அந்தக் கால்மணி நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். இயலுமாயின் நீங்களும் அருகில் அமருங்கள். நோயாளியைப் பேணும் உங்கள் மனத்திற்கும் அதே ஓய்வு வேண்டியதே.