பெயர் போன பெயர்கள்

ஆகுபெயர் படிப்பிக்கும்போது, "முல்லை சூடினாள்" முதலிய பழைய உதாரணங்களையே காட்டி நகர்வது நம் வழக்கம். சென்ற தவணையிலே மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எந்த ஊழலுக்கும் 'கேற்' என்று பத்திரிகைகள் வால் ஒட்டுகின்றனவே, அதுவும் ஆகுபெயர் தானா?" என்று வினவினான். நாம் சற்றே தடுமாறினோம்.

வாட்டர்கேற் என்பது வாஷிங்டன் நகரிலுள்ள ஒரு கட்டடத் தொகுதி. அங்கிருந்த ஜனநாயகக் கட்சியின் காரியாலயத்துள் 1972 ஜூனிலே திருட்டுத்தனமாக நுழைந்தோர் பிடிபட்டனர். அதனை மூடிமறைக்க முயன்ற ஜனாதிபதி நிக்சன் 1974 ஆகஸ்டில் பதவி துறந்தார். இடத்தின் பெயர் குற்றத்துக்கு ஆயிற்று. ஆகவே மாணவன் கேட்டது சரியே. ஆனால் அதன் ஈற்றுத் துண்டு தனியே பிரிந்து, இன்று அற்பச் சச்சரவுகளுக்கும் ஒட்டப்படுகிறது. பெருங் குற்றத்துக்கும் சிறு பிழைக்கும் ஒரே வால் இருப்பின் இலாபம் பெருங் குற்றத்துக்கே. அவ்வாலைப் பலவற்றுக்கும் ஒட்டிப் பரப்பியவருள் முன்னின்ற வில்லியம் சஃபயர், முன்னர் நிக்சனுக்கு உரை எழுதிக் கொடுத்தவர் என்பதை இங்கே சொல்லாமல் விடலாகாது.

ஆளின் பெயரும் இவ்வாறு ஆவதுண்டு. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நோர்வேயுட் புகுந்த அன்றே தன்னை ஆட்சித் தலைவனென வானொலியில் அறிவித்தவன் குவிஸ்லிங். அம்மாதம் முடியுமுன்னரே அவன் பெயர் ஆங்கிலத்தில் "தேசத்துரோகி" என்ற பொருளில் வழங்கலாயிற்று. அவனுக்கு அது தகும்.

தகாதவர்க்கும் அக்கதி நேர்ந்ததே நம் மனத்தை உறுத்துவது. எல்பிரிட்ஜ் கெரி அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர். மக்களின் உரிமைகள் எழுதப்படவில்லை என்று 1787இல் அரசியலமைப்பில் ஒப்பமிட மறுத்தவர். 1812இல் மசாச்சுசெற்ஸ் கவர்னராயிருந்தபோது, தம் கட்சியார் தமக்கு வாய்ப்பாகத் தொகுதிகளை வளைத்து நெளித்து வகுத்த சட்டத்துக்கு ஒப்பமளித்தார். அச்சட்டம் அவருக்கு மிகவும் வெறுப்பாயிருந்ததென்று அவருடைய மருமகன் எழுதிய சரித்திரம் கூறும். வெறுப்பிருந்தும் ஒப்பமிட்டாரே என்று நீங்கள் கேட்கலாம். நாமும் அதைத்தான் கேட்கிறோம்.

அத்தொகுதிகளுள் ஒன்றின் படத்துக்குச் சிறகும் நகமும் வரைந்து, பல்லி போன்ற சலமாண்டர் என்னும் பிராணியின் பெயரோடு கெரியின் பெயரைப் பிணைத்து, "கெரிமாண்டர்" என 1812 மார்ச் 26இல் பொஸ்டன் பத்திரிகையொன்று வெளியிட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் கவர்னர் பதவியைக் கெரி இழந்தார். செனற் சபையோ, வளைத்த கோடுகளின் புண்ணியத்தால், அவர் கட்சியிடமே நின்றது. கோடு கிழித்தவர்களின் பெயரை இன்று அறிவார் அரியர்.

இவ்வளவையும் கேட்ட மாணவன், அகராதியிலே "ஜெரிமாண்டர்" என்றல்லவா உச்சரிப்புக் காட்டியிருக்கிறது என்றான். உண்மைதான். பழியைச் சுமந்த மனிதருடைய பெயரின் முதலெழுத்தைக் கூட உலகம் சரியாக உச்சரிப்பதில்லை.