ஆறடிக்குள் இரண்டு பேரா?



ஆம்பூர் சர்வீஸ் ரோட்டில் நடக்க இடமில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். "ஓரத்தில் ஆறடிக்கு ஒரு கோடு போட்டு, ஒரு ஆள் படமும் ஒரு சைக்கிள் படமும் வரைந்துவிட்டால் தீர்ந்தது சார்" என்று என்னிடம் படித்த இன்ஜினியர் தம்பி ஒருவர் பதில் போட்டார். அதற்கு ஏகப்பட்ட லைக் வேறு. தம்பி, கணக்கில் நீ கெட்டிக்காரன்தான். ஆனால் இந்தக் கணக்கு தப்பு.

நடப்பவரின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர், சைக்கிளின் வேகம் 15 என்று வை. 10 மீட்டர் பின்னால் மணி அடிக்கும் சைக்கிள் நான்கு வினாடிக்குள் நம் முதுகுக்கு வந்துவிடும். என் வயதுக்காரன் திரும்பிப் பார்ப்பதற்கே அந்த நேரம் போய்விடும்.

அகலத்தையும் பார். இரண்டு பேர் சேர்ந்து நடக்க நான்கு அடியாவது வேண்டும். ஆடி ஆடிப் போகும் சைக்கிளுக்கு மூன்று அடி. எதிரே இன்னொருவர் வந்தால்? இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட நெறிமுறை, நடைபாதைக்கு மட்டுமே குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது. அதாவது நீ இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கும் அதே ஆறடி.

போன மாதம் சாயங்காலம் என் கண்ணால் பார்த்தது இது. ஷூ கம்பெனி விட்டு, டிபன் பையோடு பெண்கள் கூட்டமாக வந்தார்கள். பின்னால் அரசு கொடுத்த சைக்கிளில் ஒரு பிளஸ் ஒன் பிள்ளை. அவர்களை இடிக்காமல் இருக்க ஹேண்டில்பாரை ரோட்டுப் பக்கம் திருப்பினாள். லாரிக்காரர் பிரேக் போட்டார், பிள்ளை பிழைத்தாள். உடனே எல்லாரும் அவளைத்தான் திட்டினார்கள்: "ஓரமாப் போகக் கூடாதா?" எந்த ஓரம்? ஓரத்தில் கார் நின்றுகொண்டிருந்தது. அந்தக் காரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் கோபமே இதில்தான். ரோட்டை வண்டிகளுக்கும் பார்க்கிங்குக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, மீந்த ஆறடியில் இரண்டு ஏழைகளை மோதவிடுகிறோம். பிறகு நடப்பவர் சைக்கிள்காரரைத் திட்டுகிறார், சைக்கிள்காரர் நடப்பவரைத் திட்டுகிறார்.

நகரத் தெருக்களில் சைக்கிளை வாகனமாகவே கருதி, நடப்பவரிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று இங்கிலாந்து அரசு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வெளிநாட்டுக் கதை வேண்டாமா? பெங்களூரு ஜெயநகரில் 2012-இல் சைக்கிள் பாதை போட்டார்கள். அதில் கார்கள் வந்து நின்றன. கோடு மட்டும் போட்டால் நடப்பது அதுதான்.

வழி என்ன? முதலில் பார்க்கிங்கை எடுங்கள். நடைபாதை உயரத்தில், சைக்கிள் பாதை அதற்குக் கீழே, வண்டி ஏறாதபடி நடுவில் கல். இடமே இல்லாத தெருவில் வண்டிகளின் வேகத்தை 30-க்குக் குறையுங்கள். சைக்கிள் ரோட்டிலேயே போகட்டும், நடைபாதையில் ஏற வேண்டாம். ஏரிக்கரை, பாலாற்றங்கரை போன்ற கூட்டமில்லாத இடத்தில் பொதுப்பாதை போடலாம். அங்கேயும் பத்தடி அகலம் வேண்டும், நடப்பவருக்கே முதல் உரிமை.

வியாபாரம் கெடும் என்பார்கள் கடைக்காரர்கள். காரில் வந்தவரும் கடைக்குள் நடந்துதானே நுழைகிறார்?

2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய சைக்கிள் திட்டம் பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் வந்தது. என் பள்ளியிலும் வரிசையில் நிற்கவைத்து வழங்கினோம். சைக்கிள் கொடுத்தோம், ஓட்டிப் போக வழி கொடுத்தோமா? நடைபாதை உரிமை வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றமே 2025 மே மாதம் சொல்லிவிட்டது. நாம் கேட்பது சலுகை இல்லை.

நகராட்சியிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் வேலை செய்யும் என் பிள்ளைகளே, வரும் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அளவு நாடாவோடு வாருங்கள். ஷிப்ட் விடும் நேரத்தில் கால்மணி நேரம் என்னோடு நின்று பாருங்கள். இன்ஜினியர் தம்பி, நீயும் வா. விடையை அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்