அழையாத கடிதங்கள்

அழையா வீட்டில் நுழையாதே என்று சிறு வயது முதல் நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அப்பாவின் கைபேசியில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் நாம் காண்பது என்ன? அழையாதவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். புடவைக் கடைக்காரர், கடன் தருகிறேன் என்பவர், லண்டனில் பரிசு விழுந்திருக்கிறது என்பவர், இப்படி எத்தனை பேர்! இவர்களில் ஒருவரையும் நாம் கூப்பிடவில்லை. (உண்மையிலேயே கூப்பிடவில்லையா? அதைப் பிறகு பார்ப்போம்.)

"வேண்டாவிட்டால் அழித்துவிட்டுப் போங்களேன், இதற்கு ஒரு கட்டுரையா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நாங்களும் சென்ற ஆண்டு வரை அப்படித்தான் எண்ணியிருந்தோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்காள் பிளஸ் டூ முடித்து, நர்சிங் படிக்க மனுப் போட்டிருந்தாள். சான்றிதழ்களுடன் நேரில் வரும்படி கல்லூரி ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆனால் அவள் அப்பாவின் பெட்டியில் படிக்காத கடிதங்கள் 4,000க்கு மேல் கிடந்தன. போதாக்குறைக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் மேலே மேலே வந்து விழுந்தன. அந்தக் கடிதம் கண்ணில் பட்டபோது குறித்த தேதி போய் மூன்று நாள் ஆகியிருந்தது. இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த அக்காள் அழுததை நாங்கள் நேரில் பார்த்தோம்.

கரும்பு அறவைக் காலத்தில் நம் முண்டியம்பாக்கம் பக்கம் வருகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸ் பின்னால் நின்று அலறும். அந்தக் கரும்பாவது யாரோ ஓர் உழவர் பாடுபட்டு விளைவித்தது. அக்காளின் கடிதத்தை மறித்து நின்றவை யாருக்கும் உதவாத குப்பை.

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. 1978 மே 3ஆம் நாள் அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினிக் கம்பெனியின் கேரி தூர்க் என்பவர், அர்ப்பாநெட் என்னும் அக்காலக் கணினி வலையில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பெற்றவர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் அதனால் நல்ல வியாபாரம் நடந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தொல்லையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஓர் அஞ்சலட்டைக்கு 50 காசு என்றாலும் ஆயிரம் பேருக்கு எழுத 500 ரூபாய் வேண்டும், கையும் வலிக்கும். மின்னஞ்சலில் ஆயிரம் பேருக்கும் லட்சம் பேருக்கும் அனுப்புகிறவருக்குச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. லட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் அவருக்கு லாபம். செலவெல்லாம் பெறுகிறவர் தலையில்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்டோம். விளம்பர அழைப்பும் குறுஞ்செய்தியும் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிந்துகொள்ளலாம். அந்தப் பதிவு மின்னஞ்சலைத் தடுக்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, தொல்லை தரும் மின்னஞ்சலையும் குற்றம் என்றுதான் சொன்னது. ஆனால் அதே பிரிவைக் கொண்டு 2012இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் முகநூல் பதிவு ஒன்றுக்காக இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்துச் செய்தது. செய்தது சரியே. கொசுவை அடிக்கப் பீரங்கி எதற்கு?

ஆகவே நம் வாசலை நாமே காக்க வேண்டியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை நாங்கள் நால்வர் தோழியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவள் அப்பாவின் பெட்டியைச் சுத்தம் செய்தோம். அப்போதுதான் ஓர் உண்மை புரிந்தது. இவர்களில் பலரை அப்பாவே அழைத்திருக்கிறார்! ஜவுளிக் கடையில் பில் போடும்போது, பொருட்காட்சியில் குலுக்கல் சீட்டு எழுதும்போது, தம்பி விளையாட்டுச் செயலியை இறக்கும்போது, கேட்டவர்க்கெல்லாம் முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் அழிப்பது, மடையை அடைக்காமல் தண்ணீரை இறைப்பது போலத்தான்.

தெரிந்த கடைகளின் கடிதங்களில் 'அன்சப்ஸ்கிரைப்' என்பதை அழுத்தி விலகினோம். 2024 முதல், ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் விளம்பரம் அனுப்புகிற நிறுவனங்கள் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. ஆதலால் இது எளிது. முன்பின் தெரியாதவர்களின் கடிதத்தில் மட்டும் எதையும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் 'இங்கே ஆள் இருக்கிறார்' என்று நாமே சொன்னதாகிவிடும். அவற்றை 'ஸ்பேம்' என்று குறித்துத் தள்ளினோம். மாலை மணியடிக்கும் வரை வேலை இருந்தது. அம்மா இரண்டு முறை காப்பி கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நாங்கள் பொய்யர்கள் ஆவோம். பாட்டி காலத்தில், ஒரு புனிதர் பெயரைச் சொல்லி "இதைப் பதின்மூன்று பேருக்கு எழுதாவிட்டால் தீங்கு வரும்" என்று அஞ்சலட்டை வருமாம். அது விசுவாசம் அல்ல, மூடநம்பிக்கை என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லித் தந்தார்கள். அதே கடிதத்தை ரோஜாப்பூப் படத்துடன் கைபேசியில் தோழியருக்கு அனுப்பியவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறோம். கணக்கெடுத்தால் கை தூக்க வேண்டியவர்கள் பலர்.

அந்த அக்காள் இவ்வாண்டு மீண்டும் மனுப் போட்டிருக்கிறாள். அதற்கென்றே புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கியிருக்கிறாள். எந்தக் கடையிலும் அதைச் சொல்லவில்லை. எங்களிடம்கூடச் சொல்லவில்லை. காலையும் மாலையும் திறந்து பார்க்கிறாள். பெட்டி காலியாக இருக்கிறதாம். கடிதம் வந்தால் உடனே தெரியும்.