கோயில் முன்னால உள்ள ரோட்டுக்கு 30 போதும்



நம்ம கோயில் வாட்ஸ்அப் குரூப்ல போன வாரம் ஒரு கேமரா படம் சுத்துச்சு. "பாலத்துக்குக் கீழ ஒளிச்சு வச்சிருக்கான், எல்லாருக்கும் அனுப்புங்க"ன்னு. பாதிப் பேர் "நன்றி அண்ணே"ன்னு போட்டாங்க, மீதிப் பேர் அரசாங்கத்தைத் திட்டினாங்க. பிரதோஷ அபிஷேகம் எத்தனை மணிக்குன்னு ஒரு அம்மா கேட்டிருந்தாங்க, அந்தக் கலாட்டாவுல யாரும் பதில் சொல்லல. (மாலை 4.30க்கு, அம்மா.)

குரூப்ல சண்டை போட எனக்குப் பிடிக்காது. அதனால இங்க நீளமா எழுதுறேன். திட்டணும்னா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

எனக்குக் கேமரா வேணும். ஊருக்குள்ள வேகம் இன்னும் குறையணும். கோயில், பள்ளிக்கூடம், பசார் இருக்குற ரோட்டுல 30க்கு மேல போக யாருக்கும் அவசியம் கிடையாது.

எதிர்த்துப் பேசுறவங்க எல்லாரும் முட்டாள்னு நான் சொல்லல. அவங்க சந்தேகத்துக்குக் காரணம் இருக்கு. 2012 செப்டம்பர்ல ஏ.இ.எஸ். கேமரா வந்தப்போ முதல் கட்டத்துலயே நம்ம பேராக் இருந்துச்சு. கேமராவை நடத்துனது ரெண்டு தனியார் கம்பெனி. சம்மன் பணத்துல அவங்களுக்கும் பங்குன்னதும் ஜனங்க கோபப்பட்டது நியாயம்தான். எத்தனை பேர் தப்பு செய்றாங்களோ அத்தனை லாபம்னா, அந்தக் கம்பெனி நாம மெதுவா போகணும்னு வேண்டிக்குமா? 2018ல அமைச்சர் அந்தோணி லோக் அதை சாலைப் போக்குவரத்து இலாகா கையில கொண்டு வந்தாரு. கட்டாம கிடந்த 30 லட்சத்துக்கும் அதிகமான சம்மனை ரத்து பண்ணாங்க. அப்போ ஒழுங்கா கட்டினவங்க வயிறு எரிஞ்சதும் எனக்குத் தெரியும். எங்க வீட்டுலயே ஒருத்தர் எரிஞ்சாரு.

ஆனா கேமராவை நடத்துற விதம் தப்புன்னா அந்த விதத்தைத் திருத்தணும். கேமராவே தப்புன்னு சொல்றது வேற பேச்சு.

நான் முப்பது வருஷமா தொழிற்சாலையில வேலை பார்க்குறவன். பிரஸ் மெஷின்ல கை போற இடத்துக்கு முன்னால ஒரு ஒளித்திரை இருக்கும். கை குறுக்க போனா மெஷின் நின்னுடும். புதுசா வர்ற பையன்கள் அதைத் திட்டுவாங்க, வேலை தாமதமாகுது, டார்கெட் எட்ட முடியலன்னு. சில பேர் டேப் ஒட்டி மறைக்கப் பார்ப்பாங்க. ஆனா ஒரு நாளும் யாரும் "இது தொழிலாளியைப் பிடிக்க வச்ச பொறி"ன்னு சொன்னது இல்ல. விரல் யாரோடதுன்னு அவங்களுக்கே தெரியும். போர்க்லிஃப்ட்டுக்கும் உள்ள வேக அளவு இருக்கு. நடக்குற ஆளும் வண்டியும் ஒரே தரையில இருந்தா வண்டிதான் மெதுவா போகணும், அங்க இதுல விவாதமே கிடையாது. அதே ஆள் கேட்டைத் தாண்டினதும் எல்லாத்தையும் மறந்துடுறான்.

கணக்கு ஒண்ணு சொல்றேன். 60ல போற வண்டி ஒரு வினாடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல ஓடும். ஒரு ஆளைக் கண்ணு பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்கை மிதிக்கவே ஒரு வினாடி ஆகும். அப்புறம் பிரேக் பிடிச்சு நிக்க இன்னொரு இருபது மீட்டர். மொத்தம் 36 மீட்டர், அதுவும் நல்ல டயர், காய்ஞ்ச ரோடு. 30ல போனா 13 மீட்டர்ல நின்னுடும். இப்போ நம்ம வாசல்ல ஒரு பாட்டி பூக்கூடையோட 25 மீட்டர் முன்னால ரோட்டுல இறங்குறாங்கன்னு வைங்க. 30ல வந்தவன் நின்னு, பாட்டி கடந்து போற வரைக்கும் காத்திருப்பான். 60ல வந்தவன் பிரேக் பிடிச்சும் 45 வேகத்துல இடிப்பான். ரெண்டு பேரும் நல்லவங்கதான், ரெண்டு பேரும் பிரேக் பிடிச்சவங்கதான். ஈப்போவுல சாயங்காலம் மழை எப்படிப் பெய்யும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஈர ரோட்டுக்கு இன்னும் தூரம் கூட்டிக்குங்க.

நம்ம நாட்டுல 2016ல ரோட்டுல செத்தவங்க 7,152 பேர். 2019ல 6,167. இதுல பத்துல ஆறு பேருக்கு மேல மோட்டார் சைக்கிள்காரங்க. அது யாரு? ஷிப்டுக்குப் போற நம்ம பிள்ளைங்க. காலையில 7 மணி ஷிப்டு, 6.40க்கு வீட்டை விட்டுக் கிளம்பினா முறுக்கத்தான் வேண்டியிருக்கும். வேலைக்குப் போற வழியில விபத்துன்னா சொக்சோ பணம் கொடுக்கும், அது நல்ல சட்டம். ஆனா அந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுக்குற ஆளு நான். ஒவ்வொரு தடவையும் அம்மாவோ மனைவியோ என் மேசைக்கு எதிர்ல உட்கார்ந்திருப்பாங்க. அந்த நேரத்துல யாரும் கேமராவைப் பத்திப் பேசுறதில்ல.

புது மோட்டார் எடுத்தா நம்ம கோயிலுக்குத்தான் கொண்டு வர்றாங்க. குருக்கள் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, தேங்காய் உடைச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைப்பாரு. தம்பி அதை நசுக்கிட்டு, வாசல் தாண்டினதும் முறுக்குற சத்தம் கர்ப்பகிரகம் வரைக்கும் கேட்கும். முருகன் காப்பாத்துவான், சரி. பிரேக்கையும் கொஞ்சம் காப்பாத்த விடு தம்பி.

2025 மே 13ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். தெலுக் இந்தான்ல சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்குப் பாதுகாப்பு வேலை பார்த்துட்டு வந்த கலகத் தடுப்புப் போலீஸ்காரங்க வண்டியும் கல் ஏத்தி வந்த லோரியும் மோதி 9 பேர் செத்தாங்க. நம்ம சாமி ஊர்வலத்துக்குக் காவல் நின்னுட்டு வீடு திரும்பினவங்க. அந்த விபத்துக்கு வேகம்தான் காரணம்னு நான் சொல்ல வரல. லோரியோட பாரம், பராமரிப்பு எல்லாம் விசாரணையில வந்துச்சு. அதே ஜூன் 9ல கெரிக் பக்கம் பஸ் கவிழ்ந்து உப்சி மாணவர்கள் 15 பேர் போனாங்க. ரெண்டும் நம்ம பேராக்லதான். அதுக்கப்புறம்தான் கனரக வண்டிங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம்னு அக்டோபர்ல இருந்து கட்டம் கட்டமா கொண்டு வந்தாங்க. எதுவா இருந்தாலும் இங்க இத்தனை உயிர் போனாத்தான் நடக்குது.

"கேமராவுக்கு முன்னால மட்டும் பிரேக் பிடிச்சிட்டு மறுபடி பறக்குறான், என்ன பிரயோஜனம்?"னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. நல்ல கேள்வி. இங்கிலாந்து, இத்தாலியில ரெண்டு கேமராவுக்கு நடுவுல எவ்வளவு நேரத்துல வந்தேன்னு கணக்குப் போட்டு சராசரி வேகத்துக்கு அபராதம் போடுறாங்க. அங்க வேஸ் பார்த்து பிரேக் பிடிச்சும் வேலைக்கு ஆகாது. இன்னொண்ணு, கேமராவை ஒளிச்சு வைக்கிறதுல எனக்கு சம்மதம் இல்ல. சுவீடன்ல கேமராவுக்கு முன்னாலயே பலகை வச்சிடுறாங்க. மெதுவா போகணும்ங்கிறதுதான் நோக்கம்னா பலகை வைக்கிறதுல என்ன நஷ்டம்?

ரோடு அகலமா இருக்கு, 60 பலகை வச்சா யார் மதிப்பாங்கன்னு கேட்குறதும் சரிதான். ஜாலான் ராஜா டாக்டர் நஸ்ரின் ஷா மாதிரி ரோட்டுல காலே தானா அழுத்தும். வெறும் நம்பர் போதாது, ரோட்டையே குறுக்கணும், மேடு போடணும், கடக்குற இடத்துல தீவு வைக்கணும். பின்லாந்துல ஹெல்சிங்கி, ஈப்போ மாதிரி பல லட்சம் பேர் வாழுற ஊர். பாதிக்கு மேற்பட்ட ரோட்டுல 30தான். 2025 ஜூலை வரைக்கும் ஒரு முழு வருஷம் அங்க விபத்துல ஒருத்தர்கூடச் சாகல. அதே நேரம் வேல்ஸ்ல 2023ல ஊருக்குள்ள பொதுவா 20 மைல்னு, அதாவது நம்ம கணக்குல 32, ஒரே நாள்ல மாத்தினப்போ நாலரை லட்சம் பேருக்கு மேல எதிர்த்துக் கையெழுத்துப் போட்டாங்க. எந்த ரோட்டுக்கு எதுன்னு அந்தந்த ஊர்க்காரங்களைக் கேட்காம செஞ்சா இங்கயும் அதுதான் நடக்கும்.

சம்மன் தள்ளுபடி பத்தி ஒரு வார்த்தை. 2026 ஜனவரி 1ல இருந்து 15 நாளுக்குள்ள கட்டினா பாதி, லேட்டானா கூட. இது பரவாயில்ல. முன்ன மாதிரி வருஷக் கடைசி மலிவு விற்பனைக்குக் காத்திருந்து கட்டுற பழக்கம்தான் சம்மன் மேல இருந்த பயத்தையே கெடுத்துச்சு.

தைப்பூசத்துக்கு புந்தோங்ல இருந்து கல்லுமலைக்குக் காவடி போறப்போ அந்த ரோடெல்லாம் நடை வேகத்துலதான் போகுது. அன்னிக்கு ஈப்போ ஒண்ணும் நின்னு போயிடல. மத்த நாள்லயும் அதே பாட்டிங்கதான் நடக்குறாங்க, போலீஸ் மட்டும்தான் இல்ல.

நம்ம கோயில் தோட்டத்துல இருந்தப்போ லயத்துக்கு நடுவுல, செம்மண் பாதையில இருந்துச்சு. துரை காடிகூட லயத்துப் பக்கம் ஊர்ந்துதான் வரும், பிள்ளைங்க ஓடுவாங்கன்னு. தோட்டத்தை வித்து தாமான் கட்டினாங்க, செம்மண் பாதை நாலு வழி ரோடாச்சு. சாமி இருந்த இடத்துலயேதான் இருக்கு, ரோடுதான் கிட்ட வந்துச்சு.

அதனால நிர்வாகக் குழு மாநகராட்சிக்கும் பொதுப்பணி இலாகாவுக்கும் கடிதம் எழுதுது. கேட்கப் போறது: வாசலுக்கு ரெண்டு பக்கமும் 30 பலகை, ஒரு மேடு, நடக்குறவங்க கடக்க வரிக்கோடு, வெள்ளிக்கிழமையும் திருவிழா நாள்லயும் எரியுற மஞ்சள் விளக்கு. கேமரா அதுக்கப்புறம் தேவைன்னா வைக்கட்டும், பலகையோட.

வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அர்ச்சனைச் சீட்டு கொடுக்குற இடத்துல கையெழுத்துத் தாள் இருக்கும். ஐ.சி. நம்பர் வேணாம், பேரும் எந்தத் தாமான்னும் எழுதினா போதும். வர்றவங்க மோட்டாரை உள்ள கொண்டு வந்து நிறுத்துங்க. வாசல்ல வரிசையா நிறுத்தினா வயசானவங்க ரோட்டுல இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கு.