திருப்புளி யார் கையில்?

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யக் கற்றுக்கொடுக்கும் நிலையங்கள் பெருகி வருகின்றன. போட்டிகளும் பெருகி வருகின்றன. ‘பர்ஸ்ட் டெக் சாலஞ்ச்’ என்ற சர்வதேசப் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் செப்டம்பரில் புதிய விதிகள் வெளியாகும். 18 அங்குலப் பெட்டிக்குள் அடங்கும் யந்திரத்தைப் பிள்ளைகள் செய்ய வேண்டும். ஆட்டம் இரண்டரை நிமிஷம். முதல் 30 விநாடி, யார் கையும் படாமல், எழுதிவைத்த கட்டளைப்படியே யந்திரம் இயங்க வேண்டும்.

இதை நாம் வரவேற்கிறோம். மனப்பாடப் படிப்பைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம்: திருப்புளி யார் கையில் இருக்கிறது?

ஆணும் பெண்ணும் சேர்ந்த அணிகளில் பல சமயம் நடப்பது என்ன? ஒயர் இணைப்பவன் பையன். கட்டளை எழுதுபவனும் பையன். அட்டையில் படம் வரைவதும், நடுவர் முன் இனிக்கப் பேசுவதும் பெண்ணின் வேலை. வீட்டில் நடக்கும் வேலைப் பிரிவினைதான் இங்கும் நடக்கிறது! ஆகவே பெண்களுக்கென்றே தனி அணிகள் வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கையல்ல, நியாயமான கோரிக்கை.

வழிகாட்ட வரும் இஞ்சினியர்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டி நாள் நெருங்கியதும் பதறிப்போய் வேலையைத் தாமே முடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. கோப்பை கிடைக்கலாம், பெண்ணுக்குக் கிடைப்பது என்ன? சக்கரம் தலைகீழாகச் சுற்றுகிறதா? சுற்றட்டும். மோட்டாரின் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருப்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். அதற்கு அரைமணி ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரே நல்ல வழிகாட்டி.

பெண்ணுக்கு யந்திரம் வராது என்பவர்கள் கிண்டிக்குப் போய்ப் பார்க்கட்டும். 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையான லலிதா, 1940-களில் அங்குதான் படித்து மின்சார இஞ்சினியரானார். பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ‘அவன்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘அவள்’ என்று எழுத வேண்டியிருந்தது! 1963-ல் விண்வெளி சென்ற முதல் பெண் தெரஷ்கோவா ஒரு நெசவாலைத் தொழிலாளி. பாராசூட்டில் குதிக்க அவர் கற்றது ஊர்ச் சங்கத்தில்.

சமீப உதாரணமும் உண்டு. 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கேற்று உருவான ‘ஆசாதிசாட்’ 2022 ஆகஸ்ட் 7 அன்று ஏவப்பட்டது. இதில் திருமங்கலம் அரசு பெண்கள் பள்ளி மாணவிகளும் உண்டு. ராக்கெட் அதைச் சரியான பாதையில் சேர்க்கவில்லை, உழைப்பு வீணானது. ஆனால் 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது துணைக்கோள் வெற்றிகரமாக நிலைநிறுத்தப்பட்டது. இது எதைக் காட்டுகிறது? தோற்றால் மீண்டும் முயல வாய்ப்பு வேண்டும். பணம் படைத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கிறது. வீட்டுவேலை செய்யும் தாயின் மகளுக்கு?

நகரின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த உழைக்கும் குடும்பங்களைப் பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தக் கண்ணகி நகரின் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். கபடிக்கு மண்ணும் மூச்சும் போதும். ஆகவே திறமை வெளியே தெரிந்தது. மோட்டாரும் பாட்டரியும் கம்ப்யூட்டரும் வேண்டிய ஆட்டத்தில் எத்தனை கார்த்திகாக்கள் தெரியாமலே போகிறார்கள்?

மத்திய சர்க்கார் 2016-ல் ‘அடல்’ ஆய்வுக்கூடத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மான்யம். சுமார் 10,000 பள்ளிகளில் அமைத்தார்கள். 2025 பட்ஜெட்டில் இன்னும் 50,000 என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் பெட்டி வந்தால் போதுமா? பெட்டியைத் திறந்து காட்ட ஆசிரியர் வேண்டாமா?

நமது கோரிக்கைகள் எளியவை. மாநகராட்சிப் பெண்கள் பள்ளி ஒவ்வொன்றிலும் கருவிகளோடு ஒரு பட்டறை வேண்டும். அதற்கென நிரந்தர ஆசிரியர் வேண்டும். பயிற்சி பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் தொலைவிலிருந்து தனியே வீடு திரும்பச் சொல்வது, வராதே என்று சொல்வதற்குச் சமம். போட்டிக் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்க வேண்டும்.

தரமணி முதல் சிறுசேரி வரை வேலை செய்யும் இஞ்சினியர் தோழர்களே! அந்தப் பள்ளிகள் உங்கள் பஸ் போகும் வழியில்தான் இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் போதும். போங்கள்; திருப்புளியை அவர்கள் கையில் கொடுங்கள்; கொடுத்தபின் திரும்ப வாங்காதீர்கள்!