புறம்போக்கும் மஞ்சப்பையும்

ஒரு சமூகம் எதை மதிக்கின்றது, எதை இகழ்கின்றது என்பதை அறிய அதன் சாஸ்திரங்களைப் புரட்ட வேண்டியதில்லை. அது வைவதற்கு எந்த வார்த்தைகளை உபயோகிக்கின்றது என்று பார்த்தாலே போதுமானதாகும். நம் நாட்டில் ஒருவனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்லப் "புறம்போக்கு" என்கின்றார்கள். நாகரிகம் அறியாத பட்டிக்காட்டான் என்று சொல்ல "மஞ்சப்பை" என்கின்றார்கள். இவ்விரண்டு வசவுகளும் இப்போது கலையினாலும் கைத்தொழிலினாலும் பெருமைக்குரிய வார்த்தைகளாகி வருகின்றன. இது நல்ல மாறுதலே. ஆனால் போதுமான மாறுதலா என்பதுதான் நமது கேள்வி.

நெடுங்காலமாக நம் நாட்டில் சிலை என்றால் பெரும்பாலும் கடவுளுக்கு, இல்லாவிட்டால் ராஜாவுக்கு, அதுவும் இல்லாவிட்டால் வெள்ளைக்காரத் துரைக்கு. கல்லைச் சுமந்தவனுக்குச் சிலை ஏது? 1959-ம் வருஷத்தில் சென்னைக் கடற்கரையில், தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை வைக்கப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகின்றார்கள். அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கைகள்தான். தலையில் கிரீடமும் இல்லை. உழைப்பவன் கலைக்குத் தகுந்தவன் என்று அந்தச் சிலை சொல்லிற்று. ஆனால் அவன் பிழைக்கும் மண்ணும் நீரும் அந்த மதிப்பைப் பெறத் தாமதமாயிற்று.

புறம்போக்கு என்றால் என்ன? ஏரி, குளம், ஓடை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு முதலிய, தீர்வை விதிக்கப்படாமல் பொதுவில் விடப்பட்ட நிலமேயாகும். எல்லோருக்கும் சொந்தமானது ஒருவனுக்கும் வேண்டாததாகக் கருதப்பட்டு, கடைசியில் வசவாகவும் ஆகிவிட்டது! இதைத் திருப்பிப் போட்டது 2017 ஜனவரியில் வெளியான "சென்னைப் புறம்போக்குப் பாடல்". கபேர் வாசுகி எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். எங்கே பாடினார்? சபா மேடையிலல்ல. திருவள்ளூர் ஜில்லா வழியே ஓடிவரும் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூரில், புகைபோக்கிகளும் சாம்பலும் கண்ணுக்குத் தெரியப் பாடினார். கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகத்தான் தமிழ்ப் பாட்டு என்றிருந்ததை எதிர்த்து 1940-களில் தமிழிசைக்குக் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. அதே கர்நாடக ராகங்களில் இன்று சென்னைத் தெருத் தமிழ் பாடப்படுகின்றது என்றால் இது சாதாரண மாறுதலல்ல.

மஞ்சப்பையின் கதையும் இப்படியே. ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசாங்கமே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கிற்று. மஞ்சள் மங்களகரமானது என்பதற்காக நாம் அந்தப் பையை மெச்சவில்லை. துவைத்துத் துவைத்து உபயோகிக்கலாம், ஏரியில் போய் அடைத்துக்கொள்ளாது என்பதற்காகவே மெச்சுகின்றோம்.

ஆனால் ஒன்று கேட்கின்றோம். பழவேற்காட்டில் பனையோலைக்குச் சாயமேற்றிக் கூடை முடையும் பெண்கள் இருக்கின்றார்கள். துணியில் வர்ணம் பூசியவன் கலைஞன். ஓலையில் வர்ணம் முடைந்தவள் கூலிக்காரியா? படத்தின் மூலையில் பெயர் எழுதப்படுகின்றது. கூடையின் அடியில் யார் பெயர் இருக்கின்றது? பொருளை மெச்சிவிட்டுச் செய்தவளை மறப்பது, அரிசியைத் தின்றுவிட்டு உழுதவனைத் தீண்டாதே என்ற பழைய புத்தியேயாகும்.

நாம் யந்திரங்களுக்கு விரோதிகளல்ல. மின்சாரம் வேண்டும், தொழிற்சாலை வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உழைக்கும் தோழர்களின் சோற்றில் மண்ணைப் போடச் சொல்லவுமில்லை. ஆனால் விளக்கு ஒருவன் வீட்டிலும், சாம்பல் இன்னொருவன் ஆற்றிலும் என்பது என்ன நியாயம்? சாம்பல் படிந்து எண்ணூரில் ஆறு மேடாயிற்று. மீனும் இறாலும் குறைந்தன. பாட்டு வெளியாகி ஆறு வருஷத்திற்கு மேலான பின்பு, 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதே முகத்துவாரத்தில் எண்ணெயும் பரவிற்று. மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. ஆகவே பாட்டைக் கேட்டுக் கைதட்டினோம், மஞ்சப்பை வாங்கினோம் என்று திருப்தியடைந்துவிடுவது, கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டுப் பாவம் போயிற்று என்று வீடு திரும்புவதற்கு ஒப்பாகும்.

ஆதலால் தோழர்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள "அ" பதிவேட்டைப் பாருங்கள். ஏரியும் ஓடையும் எத்தனை ஏக்கர் என்று எழுதியிருக்கின்றது, நிலத்தில் எத்தனை ஏக்கர் இருக்கின்றது, மிச்சம் யார் கையில் என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். குடிசை போட்டிருக்கும் ஏழையை விரட்டுவதற்காக அல்ல. வேலி போட்டிருக்கும் பெரியவரைக் கேட்பதற்காக. அப்படிக் கேட்கின்றவனை யாராவது "புறம்போக்கு" என்று வைதால், ஆம், நான் பொதுவுக்கு உரியவன்தான் என்று தலைநிமிர்ந்து சொல்லட்டும்.